கோப்பையாரின் இரண்டு கோப்பைகள்

என் அக்காவின் கணவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கியில் கையெழுத்துப் போடும்போதுதான் அது அவருக்கே நினைவுக்கு வரும். மற்றபடி கடைத்தெரு முழுவதற்கும் அவர் கோப்பையார். பரிசுக் கோப்பை, கேடயம், பதக்கம் எல்லாம் செய்து, பெயர் வெட்டி, பெட்டியில் வைத்துக் கொடுக்கிறவர். எனக்கு அத்தான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. நல்ல மனிதர் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கூடவே இருந்து பார்த்தவள் நான். அப்படி எழுதினால் அக்காவே சிரிப்பாள்.

கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், பின்பக்கம் பட்டறை. பட்டறையில் ஒரு கடைசல் இயந்திரம், ஒரு மெருகுச் சக்கரம், பெயர் வெட்டுகிற மேசை, அதன்மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு விளக்கு. பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, இயந்திரத்தில் சுழலவிட்டு, நீளக் கம்பியால் அழுத்தி அழுத்திக் கோப்பையாக வளைத்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். பேசாதவரை அத்தானும் அழகுதான். பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர் சண்டை போட்டுக்கொண்டு போய்விடுவார் என்பதால் முன்பக்கம் என் பொறுப்பில் இருந்தது. பெட்டிக்குள் வெல்வெட் ஒட்டுவது, கல்லாவில் உட்காருவது, நயமாகப் பேசுவது மூன்றும் நான். என்னை அவர் வாயாடி என்று கூப்பிடுவார். அந்த வாயால்தான் கடை ஓடுகிறது என்று நானும் விடாமல் சொல்லிக்காட்டுவேன்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கோப்பை செய்து கொடுத்த மனிதருக்கு, வாழ்க்கையில் ஒரு கோப்பைகூடக் கிடைத்ததில்லை. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் நாலாவதாக வருவாராம். மூன்று பேருக்குத்தான் பதக்கம். இதை அவர் சொல்லும்போது ஏதோ போன வாரம் நடந்தது போல முகம் சிவக்கும். "நாலாவதா வர்றவன் என்ன, நடந்தா வந்தான்? அவனும் ஓடித்தானே வந்தான்?" என்பார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

கடைத்தெரு வணிகர் சங்கத்தில் ஒரு சுழற்கோப்பை உண்டு. ஆண்டின் சிறந்த தொழில்காரர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் ஒரு வருடம் வைத்திருந்து, அடுத்த விழாவில் தன் கையாலேயே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பையைச் செய்ததே அத்தான்தான். கல்யாணமான புதிதில், சங்கம் ஆரம்பித்தபோது, ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தது. வருடா வருடம் விழாவுக்கு முன்னால் செயலாளர் வந்து யாருக்குப் பரிசு என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவார். அத்தான் அந்தப் பெயரைச் சின்னத் தகட்டில் வெட்டி, கோப்பையின் மரப்பீடத்தில் திருகிவைப்பார். செருப்புக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், அச்சகக்காரர் என்று ஒவ்வொரு பெயராக ஏறிக்கொண்டே வந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டோம்.

அவர் கடவுளிடம் வேண்டப் போனதும் இந்தக் கோப்பைக்காகத்தான். என் அக்கா தினமும் விடியுமுன் எழுந்து, சமையலறையை ஒட்டின சின்ன அறையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் கடவுளோடு என்ன பேச்சு இருக்கும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அத்தான் அந்த அறைக்குள் விழா நெருங்குகிற மாதத்தில் மட்டும் நுழைவார். நின்றபடியே, "இந்த வருஷமாவது" என்பார். இரண்டே வார்த்தை. செயலாளரிடம் சொல்கிற தொனியிலேயே கடவுளிடமும் சொல்லிவிட்டு, பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெயர் வேறு யாருக்கோ போய்விட்டால், மறுநாளிலிருந்து அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ஒரு வருடம் செயலாளர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்தத் தடவை உங்க பேரையே வெட்டிக்கங்க" என்றார். அத்தான் வேலை செய்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். எத்தனையோ ஆயிரம் பெயர் வெட்டின கை. தன் பெயர் மட்டும் அதற்கு வரவில்லை. ஒரு தகடு பாழ், இரண்டாவதும் பாழ். மூன்றாவதில்தான் ஒழுங்காக வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கே" என்றாள். "சாஞ்சா சாயட்டும், அது நான்தானே" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது.

விழா தடபுடலாக நடந்தது. கைதட்டினார்கள், தோளில் தட்டினார்கள், புகைப்படம் எடுத்தார்கள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, சாப்பாட்டு மேசையில் கோப்பையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அத்தான், ராத்திரி முழுக்கத் தூங்கலயா?"

"தூங்கினேன்" என்றார். "எழுந்து பாத்தா, நேத்து மாதிரியேதான் இருக்கு."

"என்னது?"

"எல்லாந்தான்."

அது எனக்கு அப்போது புரியவில்லை. கிடைத்ததும் என்னவோ ஆகும் என்று நினைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. வயிறு காய்ந்த மனிதர் விருந்துக்குப் போய்விட்டு, மறுநாள் மறுபடியும் பசி என்று திகைக்கிற மாதிரி இருந்தது அவர் திகைப்பு.

கோப்பையைக் கடையின் முன் அலமாரியில் நடுநாயகமாக வைத்தார். அதற்கென்று தனியாக ஒரு விளக்கும் போட்டார். முதல் கொஞ்ச நாள் வருகிறவர் போகிறவர் எல்லாம் வாழ்த்தினார்கள். அதன்பிறகு வந்தது வினை. கடையோ கோப்பைக் கடை. புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கிற அந்த ஒன்றையே காட்டி, "இது என்ன விலை?" என்று கேட்டார்கள். "இது விற்பனைக்கு அல்ல" என்று அட்டை எழுதி மாட்டினார். ஒரு உடற்கல்வி ஆசிரியர் அந்த அட்டையை நிதானமாகப் படித்துவிட்டு, "சரி, இதே மாதிரி எங்க பசங்களுக்குப் பதினோரு பீஸ் வேணும், கம்மி பண்ணிக் குடுங்க" என்றாரே பார்க்க வேண்டும். அத்தான் பட்டறையிலிருந்து சீறிக்கொண்டு வந்தார். நான் நடுவில் பாயாமல் இருந்திருந்தால் அந்த ஆசிரியர் அன்றைக்கு ஓட்டப் பந்தயம் ஓடியிருப்பார்.

பிறகு அதைத் துடைப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. கையில் மெல்லிய துணி, எதிரே கோப்பை. துடைத்துத் துடைத்தே மேலே இருந்த வெள்ளி முலாம் தேய்ந்து, பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. இன்னும் பெரிய சங்கம் ஒன்று இருக்கிறதாம், அதில் இன்னும் பெரிய கோப்பை கொடுக்கிறார்களாம் என்று விசாரிக்கத் தொடங்கினார். கடவுளுக்கு மட்டும் நேரமில்லை. கேட்டது கிடைத்தாகிவிட்டதே. அந்த அறையைத் தாண்டிப் போகும்போது, தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் தலையசைப்பது போல ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் நன்றி.

வருடம் முடியப் போகிறது என்று செயலாளர் ஞாபகப்படுத்திவிட்டுப் போன அன்று அத்தான் மதியம் சாப்பிடவில்லை. அடுத்த விழாவில் கோப்பையைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அலமாரியில் அந்த இடம் காலி. அவர் மறுபடியும் நாலாவது ஆள்.

அந்த வாரமே பட்டறையில் புதுத் தகடு சுழலும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுழற்கோப்பையைப் பக்கத்தில் வைத்து அளவெடுத்து, அதைப் போலவே இன்னொன்று செய்துகொண்டிருந்தார். அதே அச்சு, அதே தடிமன், அதே கைப்பிடி. பழையதைச் செய்த கையே புதியதையும் செய்யும்போது வித்தியாசம் எங்கிருந்து வரும்?

"எதுக்கு அத்தான் இது?"

"நமக்கு ஒண்ணு இருக்கட்டும்."

"அசலை அவங்களுக்குக் குடுத்துட்டு, நகலை நாம வச்சுக்கப் போறோமா?"

"ம்" என்றார்.

மறுநாள் கேட்டபோது அதே "ம்" கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கடுத்த நாள், "அவங்களுக்கு எதக் குடுத்தா என்ன? யாரு உரசிப் பாக்கப் போறா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தான் கோபக்காரர், முரடர், வெட்டி வீம்பு பிடித்தவர், எல்லாம் சரி. ஆனால் ஒருவர் பொருளை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தவர் இல்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "நான் சொன்னா சண்டைதான் வரும். சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்றேன்" என்று அந்தச் சின்ன அறையைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் ஒரு மனிதர் தப்புச் செய்யத் தயாராக இருக்கிறார், இவள் பாய் விரிக்கப் போகிறாளே என்று.

இரண்டு கோப்பையும் ஒன்றுபோல் மின்ன வேண்டும் அல்லவா? அதனால் இரண்டுக்கும் சேர்த்து முலாம் பூச ஏற்பாடு செய்தார். பழையதன் விளிம்பில் நெளிவு ஒன்று இருந்தது. மருந்துக் கடைக்காரர் வீட்டில் யாரோ கீழே போட்டதாம். அதைத் தட்டி எடுத்தார். இரண்டையும் பீடத்திலிருந்து கழற்றி, மெருகுச் சக்கரத்தில் பிடித்து, பழைய முலாமெல்லாம் போகத் தேய்த்தார். அடையாளத்துக்கு அசலின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். ஒரே சாக்கில் போட்டு முலாம் பட்டறைக்கு அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்த சாக்கை அவரே பிரித்தார். இரண்டும் நிலா மாதிரி பளபளவென்று இருந்தன. நூல் இல்லை.

தொலைபேசியை எடுத்து முலாம் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது.

"என்ன கோப்பையாரே, நூலோட யாராவது தொட்டியில எறக்குவாங்களா? மொதல்ல அத வெட்டிப் போட்டுட்டுத்தானே வேலையே! நீங்க கேக்குற கேள்வியா இது?"

உண்மைதான். கம்பியில் அடையாளம் கட்ட வேண்டும், நூல் முலாம் தொட்டிக்கு ஆகாது என்பது இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவருக்கும் தெரியும். அத்தானுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்! ஆனால் அந்த நாட்களில் அவர் புத்தி அவரிடம் இல்லை.

எடை போட்டுப் பார்த்தார். துளி வித்தியாசம் இருந்தது. ஆனால் அனுப்புமுன் எது கனம் என்று பார்த்திருந்தால்தானே? விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டார். மரப்பீடத்தில் பழையது எது புதியது எது என்று தெரிந்தது. அதன்மேல் உட்கார வேண்டிய கோப்பைதான் தெரியவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெல்வெட் சுருளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அத்தான் பட்டறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோப்பை.

"வாயாடி" என்றார் மெதுவாக. "இதுல எதுக்காக நான் இத்தனை வருஷம் ஏங்கினேன்?"

எனக்குச் சிரிப்புப் போய்விட்டது.

மறுநாள் விடியுமுன் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். சின்ன அறையில் இரண்டு தலை தெரிந்தது. அத்தான் அக்காவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒட்டுக் கேட்பது தப்புதான்; கேட்டேன்.

"அசல் எதுன்னு காட்டிடு" என்று கடவுளிடம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "காட்டினாலும் நான் அதத்தான் எடுத்து வச்சுக்குவேன். காட்டாத" என்றார். அப்புறம் அக்காவிடம், "நீ தெனமும் என்னதான் கேப்ப?" என்றார்.

"கேக்கறதா? மொதல்ல ஒரு பாட்டம் புலம்புவேன்" என்றாள் அக்கா. "உங்களப் பத்தி, கால் வலியப் பத்தி, இவ வாயப் பத்தி. புலம்பி முடிஞ்சதும் சொல்ல ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறந்தான் நல்லா இருக்கும். அவர் இருக்கார், நான் இருக்கேன். அது போதும்னு இருக்கும்."

அத்தான் திரும்பி அவளைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க உக்காந்தீங்க?"

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் குடிக்காமலே மாடிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவர் தினமும் உட்கார்ந்தார். உடனே ஞானியாகிவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் பசை சரியாக ஒட்டவில்லை என்று அன்று சாயங்காலமே என்மேல் எரிந்து விழுந்தார். சில நாள் அந்த அறையிலிருந்து கடுகடுவென்று வருவார். "இன்னிக்கு ஒண்ணும் இல்ல. கதவத் தட்டிட்டு வெளிய நின்ன மாதிரி இருந்துச்சு" என்பார். மறுநாளும் போவார். இன்னும் சில நாள் எதுவும் சொல்லாமல் வந்து, பித்தளைத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா சிரிப்பார். அந்த நாட்களில் அவர் வெட்டுகிற எழுத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்துக் குழந்தைகளின் பெயரைக்கூட அவ்வளவு ஆசையாக வெட்டுவார். முன்பெல்லாம் அடுத்தவர் பெயரை வெட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுகிறவர். இப்போது முணுமுணுவென்று ஏதோ ராகம். முன் அலமாரியில் இருந்த தனி விளக்கைக் கழற்றி, நான் வெல்வெட் ஒட்டுகிற மேசைக்கு மாட்டிக் கொடுத்தார். "கண்ணு கெட்டுப்போயிடும் உனக்கு" என்றார். அது முன்பே கெட்டுத்தான் இருந்தது, ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விழா வந்தது. அந்த வருடப் பரிசு பேக்கரிக்காரருக்கு. அத்தான் மேடைக்கு ஒரு சாக்கோடு ஏறினார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் பேசி வழக்கமில்லாத மனிதர். ஒலிபெருக்கி வேறு கீச்சிட்டது.

"இது சங்கத்துக் கோப்பை" என்று ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இதுவும் சங்கத்துக் கோப்பையா இருக்கலாம்" என்று இன்னொன்றை வைத்தார். "குடுக்க மனசு வராம இதே மாதிரி ஒண்ணு செஞ்சேன். நகலை உங்க தலையில கட்டிட்டு அசலை வச்சுக்கலாம்னுகூட நெனச்சேன். இப்ப எது எதுன்னு எனக்கே தெரியல. ரெண்டுமே உங்களுது. மன்னிச்சிடுங்க."

முன்வரிசையில் யாரோ கொல்லென்று சிரிக்க, அரங்கமே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் கொதித்தது. என் அத்தானைப் பார்த்துச் சிரிக்க நான் ஒருத்திதான் உரிமை உள்ளவள். ஆனால் மேடையில் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், தோளிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தவர் சிரிப்பது போல. பேக்கரிக்காரர் ஒன்றைத் தூக்கிக்கொண்டார். மற்றதைச் சங்க அலுவலகத்தில் வைத்தார்கள். அதில் இப்போது பேனா போட்டு வைத்திருக்கிறார்களாம்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். "அலமாரியில அந்த எடம் காலியா இருக்குமே அத்தான், வருத்தமா இல்லயா?" என்று கேட்டேன்.

"இருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார். "தேடித் தேடிப் பாக்கறேன், இல்ல." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அவர்கள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பேக்கரிக்காரரின் வருடமும் ஓடிப்போனது. விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, கடையில் கூட்டமில்லாத வேளை பார்த்து அவர் வந்தார். கையில் துண்டில் சுற்றிய கோப்பை. அதை வைத்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் பட்டறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார் பேக்கரிக்காரர், தரையைப் பார்த்தபடி. "வெளிய சொல்லாதீங்க."

அத்தான் சிரிக்கவில்லை. "செஞ்சு குடுக்கறேன். ஆனா ஒண்ணு உங்களுக்குப் பத்தாது."

"அப்ப ரெண்டா செய்ங்க."

"ரெண்டும் பத்தாதுங்க. நான் வச்சுப் பாத்துட்டேன்."

பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. கண் மட்டும் நாலாவதாக ஓடி வந்தவருடையது போல இருந்தது. "அப்ப எதுதான் பத்தும்?" என்றார்.

"விடியக்கால எங்க வீட்டுக்கு வாங்க. நானும் வீட்டுக்காரியும் கடவுள்கிட்ட உக்காந்திருப்போம். நீங்களும் ஒரு ஓரமா உக்காருங்க."

"விடியக்காலயா? அப்பதானே எனக்கு அடுப்பு வேலை. ரொட்டிய உள்ள தள்ளிட்டு, வேகற வரைக்கும் தனியா உக்காந்திருப்பேன். எப்படி வர்றது?"

அத்தான் யோசித்தார். பிறகு எழுந்து, அந்தக் கோப்பையைத் துண்டில் மறுபடி சுற்றி அவர் கையிலேயே கொடுத்தார்.

"அப்ப நீங்க வர வேண்டாம். அடுப்புகிட்டயே உக்காந்திருங்க. அவரு அங்கயும் வருவாரு."